ஆஸ்பத்திரிக்காரர்கள் வாளெடுத்த கதை

என் சித்தப்பா மகன் கண்டக்டர் லைசென்ஸுக்கு அலைந்துகொண்டிருந்த சமயம். முதலுதவிப் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். போய் உட்கார்ந்து, முக்கோணத் துணியை மடித்து ஒடிந்த கையைத் தொட்டில் கட்டுவது எப்படி என்றெல்லாம் கற்றுக்கொண்டு, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சான்றிதழோடு வீட்டுக்கு வந்தான். அதில் ஒரு சின்னம். நான்கு அம்புத் தலைகளைக் கூர் உள்பக்கம் சேரும்படி அடுக்கி வைத்தது போல, எட்டு முனை கொண்ட ஒரு வெள்ளைச் சிலுவை. "ஏண்ணே, ஆம்புலன்ஸுக்கும் சிலுவைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. பதில் சொல்லப் புறப்பட்டால் 900 வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. அந்தச் சிலுவையை அணிந்தவர்கள் சிரியாவில் கோட்டை காத்தார்கள், மத்தியதரைக் கடலில் கப்பல்களை மறித்துக் கொள்ளையடித்தார்கள், நோயாளிக்கு வெள்ளித் தட்டில் சோறு வைத்தார்கள். மூன்றையும் செய்தது ஒரே சபை. ஹாஸ்பிடலர்கள் என்று பெயர். நாம் சொல்லும் 'ஆஸ்பத்திரி'யும் அவர்கள் பெயரும் ஒரே லத்தீன் வேரில் முளைத்தவை. விருந்தினர் தங்கும் இடம் என்பது அந்தச் சொல்லின் பழைய பொருள். ஆகவே அவர்களை ஆஸ்பத்திரிக்காரர்கள் என்றே தமிழில் சொல்லலாம், தப்பில்லை.

துறவிக்கு எதற்கு வாள்?

துறவற சபை என்றால் என்ன என்பது கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே பார்த்த ஃபாதர், பிரதர், சிஸ்டர்களில் பலர் இயேசு சபை, சலேசிய சபை என்று ஏதாவது ஒன்றைச் சேர்ந்தவர்கள். சேரும்போது மூன்று வார்த்தைப்பாடுகள் கொடுப்பார்கள்: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். சொந்தச் சொத்து கிடையாது, கல்யாணம் கிடையாது, மேலே இருப்பவர் போ என்றால் போக வேண்டும். எப்போது எழுவது, எப்போது ஜெபிப்பது, என்ன உடுத்துவது, என்ன சாப்பிடுவது என்பதற்கெல்லாம் எழுதிவைத்த விதிகள் உண்டு. இதற்கு மேல் ஒவ்வொரு சபைக்கும் ஒரு வேலை. ஒன்று பள்ளி நடத்தும், ஒன்று மருத்துவமனை நடத்தும், இன்னொன்று மடத்துக்குள்ளேயே இருந்து ஜெபம் மட்டும் செய்யும்.

இந்த அமைப்பு முழுவதையும் அப்படியே வைத்துக்கொண்டு, 'வேலை' என்ற இடத்தில் 'போர்' என்று போட்டுப் பாருங்கள். அதுதான் ஆயுதம் ஏந்திய துறவற சபை. விடியற்காலை எழுந்து ஜெபம், பகலில் குதிரைப் பயிற்சி, சாப்பாட்டு மேசையில் மௌனம், தலைவர் சொன்னால் போர்க்களம்.

படிக்கும்போது முரணாகத் தெரிகிறதா? 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. குருக்கள் இரத்தம் சிந்தக் கூடாது என்பது திருச்சபையின் பழைய சட்டம். உன் வாளை உறையில் போடு என்று சீடர் பேதுருவிடம் சொன்ன இயேசுவின் பெயரால் துறவிகள் வாள் வீசுவதா என்று பலருக்கும் உறுத்தியது. அந்த உறுத்தலைப் போக்க அந்தக் காலத்தின் செல்வாக்கு மிகுந்த மடாதிபதி கிளேர்வோ பெர்னார்டு முன்வந்தார். இவர்கள் கொல்வது மனிதனை அல்ல, தீமையை என்பது அவர் வாதம். வாதம் என்னவோ சாமர்த்தியமானதுதான். கொல்லப்பட்டவனின் வீட்டாரிடம் அது எடுபட்டிருக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

வாதத்தைவிடத் தேவைதான் பெரிதாக இருந்தது. 1095இல் திருத்தந்தை (போப்) இரண்டாம் உர்பான் விடுத்த அழைப்பைக் கேட்டு மேற்கு ஐரோப்பாவிலிருந்து சிலுவைப் போருக்குக் கிளம்பிய படைகள், 1099 ஜூலை 15 அன்று ஜெருசலேமைப் பிடித்தன. பிடித்த கையோடு நகரத்து முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்தன. வேண்டுதல் நிறைவேறியது, இயேசுவின் கல்லறைக் கோயிலில் மண்டியிட்டாயிற்று, இனி என்ன? வந்தவர்களில் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். பிடித்த நாட்டைக் காக்க மிஞ்சியவர்கள் சில நூறு நைட்டுகள், அதாவது குதிரையேறிப் போரிடும் வீரர்கள். கூடக் கொஞ்சம் காலாட்படை. சுற்றிலும் எதிரிகள். கடற்கரையிலிருந்து ஜெருசலேமுக்குப் போகும் சாலையில் யாத்ரீகர்களை வழிமறித்துக் கொள்ளையடிப்பது அன்றாடம் நடந்தது.

அந்தக் காலத்து அரசனுக்கு நிரந்தரப் படை என்று ஒன்று கிடையாது. நிலம் வாங்கிய பிரபுக்கள் வருடத்தில் இத்தனை நாள் வந்து சண்டை போட வேண்டும், அவ்வளவே. நாள் முடிந்தால் அறுவடைக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இப்படிப்பட்ட இடத்தில், வீட்டுக்குப் போகாத, பெண்டாட்டி பிள்ளை இல்லாத, சம்பளம் கேட்காத, செத்தால் சொத்தை வாரிசுகளுக்குப் பங்கு போட வேண்டியிராத ஒரு படை கிடைத்தால் எந்த ராஜா வேண்டாம் என்பார்?

அப்படி முதலில் கிளம்பியவர்கள் டெம்ப்ளர்கள். 1119-20 வாக்கில் ஹியூக் டி பேயன் என்ற பிரெஞ்சு நைட்டும் சில தோழர்களும் யாத்ரீகர்களுக்குக் காவலாக இருப்போம் என்று வாக்குக் கொடுத்துத் தொடங்கினார்கள். சினிமா, வீடியோ கேம், புதையல் கதை என்று இவர்கள்தான் உலகப் பிரபலம். எனக்கு இவர்கள்மேல் அவ்வளவு ஈர்ப்பு இல்லை. பிறக்கும்போதே சிப்பாய்களாகப் பிறந்த சபை அது. நோயாளியின் படுக்கையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்த சபை எப்படி வாளெடுத்தது என்பதுதான் எனக்குப் பெரிய புதிர்.

ரொட்டி எறிந்த ஜெரார்டு

சிலுவைப் போருக்கு ஒரு தலைமுறை முன்பே, 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி, இத்தாலியின் அமால்ஃபி நகர வணிகர்கள் ஜெருசலேமில் கல்லறைக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சத்திரம் கட்டினார்கள். அப்போது நகரம் எகிப்தின் ஃபாத்திமிய கலீஃபாக்கள் கையில் இருந்தது. அவர்களிடம் அனுமதி வாங்கித்தான் கட்டினார்கள். ஐரோப்பாவிலிருந்து மாதக்கணக்கில் நடந்தும் கப்பலேறியும் வரும் யாத்ரீகர்கள் பாதிப் பேர் நோயோடுதான் வந்து சேர்வார்கள். அதனால் சத்திரம் சீக்கிரமே ஆஸ்பத்திரி ஆனது. திருமுழுக்கு யோவான் பெயரில் நேர்ந்துவிட்டார்கள். யோவான்தான் ஆங்கிலத்தில் ஜான். செயின்ட் ஜான் வருவது இங்கிருந்துதான்.

1099இல் அதன் பொறுப்பாளர் ஜெரார்டு. முற்றுகை நேரத்திலும் அவர் நகருக்குள்ளேயே இருந்தார் என்று ஒரு கதை உண்டு. மதில்மேல் நின்று வெளியே இருக்கும் படையின்மேல் கல்லெறியச் சொன்னார்களாம். அவரோ பசியில் கிடந்த சிலுவைப் போர் வீரர்களுக்கு மேலங்கியில் மறைத்துவைத்திருந்த ரொட்டியை எறிந்தாராம். பிடித்துக்கொண்டு போய் ஆளுநர் முன் நிறுத்தி, அங்கியை விரித்துக் காட்டு என்றபோது ரொட்டியெல்லாம் கல்லாகியிருந்தது. புனிதர் கதைகளுக்கே உரிய ருசி. ஆனால் இந்தக் கதையில் அவருடைய கையில் ஆயுதம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வென்றவர்கள் நன்றியோடு நிலமும் பணமும் அள்ளிக் கொடுத்தார்கள். 1113இல் திருத்தந்தை இரண்டாம் பஸ்கால் ஓர் ஆணை வெளியிட்டார்: இந்த ஆஸ்பத்திரி நேரடியாகத் திருத்தந்தையின் பாதுகாப்பில் இருக்கும், தலைவரை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், உள்ளூர் ஆயர் தலையிட முடியாது. ஒரு சபையாக அவர்கள் நிமிர்ந்து நின்றது அப்போதுதான். ஜெரார்டு 1120 வாக்கில் இறந்தார். அடுத்து வந்த ரேமோன் டு புய் நாற்பது வருடம் தலைவராக இருந்து விதிகளை எழுதினார்.

அந்த விதிகளில் ஒரு சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும்: 'நம் எஜமானர்களான நோயாளிகள்'. நோயாளி வந்தால் அவருக்குப் பாவசங்கீர்த்தனம், நற்கருணை. பிறகு படுக்கைக்குத் தூக்கிப்போய், வீட்டு எஜமானரைக் கவனிப்பது போலத் தினமும் சகோதரர்கள் சாப்பிடுவதற்கு முன்பே அவருக்குச் சாப்பாடு. சகோதரர்களுக்கோ ரொட்டி, தண்ணீர், எளிய உடை. அதற்கு மேல் உரிமையாகக் கேட்கக் கூடாது. நம் எஜமானர்களான ஏழைகள் கந்தலில் திரியும்போது வேலைக்காரனுக்கு என்ன நல்ல துணி என்பது நியாயம்.

1182இல் ரோஜர் டி மூலான் தலைவராக இருந்தபோது போட்ட சட்டங்களைப் படித்தால் இன்னும் ஆச்சரியம். நான்கு மருத்துவர்கள் எப்போதும் இருக்க வேண்டும். அவர்களுக்குச் சிறுநீரைப் பார்த்து நோய் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கட்டில் நீளமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலுக்கும் தனித்தனிப் போர்வை, தனித்தனி விரிப்பு. ஐரோப்பாவில் ஒரே படுக்கையில் இரண்டு மூன்று நோயாளிகளைப் போடுவது பல நூற்றாண்டு கழித்தும் சாதாரணமாக இருந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நோயாளி கழிப்பறைக்குப் போக எழுந்தால் குளிராமல் இருக்க மேலங்கியும் காலுக்குச் செருப்பும் தர வேண்டும். யாத்திரை வந்த இடத்தில் பெண்களுக்குப் பிள்ளை பிறந்தால், குழந்தையைத் தனித் தொட்டிலில் போட வேண்டும். தாயின் பக்கத்தில் படுக்கவைத்து அது நசுங்கிவிடக் கூடாது. வாரம் மூன்று நாள் பன்றி அல்லது ஆட்டிறைச்சி. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கோழி.

1160களில் வந்த ஜெர்மன் யாத்ரீகர் ஒருவர் உள்ளே 2000 நோயாளிகள் இருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். எண்ணிக்கை கொஞ்சம் ஊதியதாக இருக்கலாம். ஆனால் மத்தியகால ஐரோப்பியர் எவரும் இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியைத் தங்கள் ஊரில் கண்டதில்லை. பெண்களுக்குத் தனிப் பகுதி இருந்தது. முஸ்லிம்களையும் யூதர்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

எதிரிகளிடமும் இந்தப் பேர் பரவியது போலிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் உலவிய ஒரு கதை: எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் சலாஹுதீன் மாறுவேடத்தில் நோயாளியாக வந்து படுக்கிறார். நாள்கணக்கில் சாப்பிட மறுக்கிறார். என்னதான் வேண்டும், எதுவானாலும் தருகிறோம் என்று கெஞ்சும்போது, உங்கள் தலைவரின் குதிரை மோரெலின் முன்னங்காலை வெட்டிக் கொடுங்கள், அதைத் தின்றால்தான் எனக்குத் தேறும் என்கிறார். தலைவருக்கு உயிரான குதிரை. ஆனாலும் நோயாளி கேட்டதை மறுக்கக் கூடாதே. குதிரையைக் கட்டிப்போட்டுக் கோடாலியை ஓங்கியபோது, "நிறுத்து, எனக்கு ஆட்டிறைச்சி போதும்" என்று சொல்லிவிட்டாராம். ஊருக்குத் திரும்பியதும் ஆஸ்பத்திரிக்கு வருடா வருடம் ஆயிரம் பொற்காசு எழுதிவைத்ததாகக் கதை முடிகிறது. நடந்ததா என்று கேட்காதீர்கள். இப்படி ஒரு கதையை நம்பும்படியாக அந்த ஆஸ்பத்திரி இருந்தது.

வாள் எப்போது வந்தது?

ஒரே நாளில் வரவில்லை. யாத்ரீகர்களைப் பராமரிப்பவர்கள் வழியில் அவர்களுக்குத் துணைக்கு ஆள் அனுப்புவது இயல்புதானே. முதலில் கூலிக்கு ஆயுதக் காவலர்கள். பிறகு சபையில் சேர்ந்த நைட்டுகளே. 1136இல் ஜெருசலேம் அரசர் ஃபுல்க், தெற்கு எல்லையில் பெத்கிபெலின் என்ற கோட்டையைச் சபைக்குக் கொடுத்தார். 1140களின் தொடக்கத்தில் இன்றைய லெபனானிலுள்ள திரிப்போலியின் கோமகன், இன்றைய சிரியாவின் ஹோம்ஸ் பக்கத்தில் ஒரு குன்றின்மேல் இருந்த கோட்டையைக் கொடுத்தார். அதை அவர்கள் இடித்துக் கட்டி விரித்து, இரட்டை மதிலோடு எழுப்பினார்கள். கிராக் தெ ஷெவாலியே என்று இன்றும் நிற்கிறது. யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. சிரிய உள்நாட்டுப் போரில் அதற்குச் சேதம் ஏற்பட்டது.

இவ்வளவு கோட்டைகளைத் தாங்கப் பணம்? ஆயுதம் ஏந்திய சபை எப்படி ஓடியது என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஐரோப்பா முழுவதும் ஜனங்கள் ஆன்மா கடைத்தேற வேண்டிச் சபைக்கு வயல், மாவு ஆலை, திராட்சைத் தோட்டம், கிராமம் என்று எழுதிவைத்தார்கள். நம் ஊர்க் கோயில்களுக்கு மானியம் எழுதிவைத்தது போல. இப்படிப்பட்ட சொத்துகளை நிர்வகிக்க அங்கங்கே ஒரு சிறு இல்லம். கமாண்டரி என்று பெயர். வயதான அல்லது காயம்பட்ட நைட் ஒருவர் பொறுப்பில் இருப்பார். வருமானத்தில் வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு கிழக்கே போகும். இங்கிலாந்தில் ஒரு கிராமத்து ஆடுகளின் கம்பளி விற்ற காசு சிரியாவில் குதிரைக்குக் கொள்ளாக மாறும். இப்படி ஒரு கண்டம் முழுவதும் கிளை விரித்த நிறுவனம் அந்தக் காலத்து ராஜாக்களிடமே கிடையாது.

சபைக்குள் எல்லாரும் நைட்டுகள் இல்லை. நைட்டுகள், குருக்கள், பணிச் சகோதரர்கள் என்று மூன்று அடுக்கு. கிழக்கே களத்தில் நின்ற நைட்டுகள் சில நூறு பேர்தான். உடை கறுப்பு மேலங்கி, மார்பில் வெள்ளைச் சிலுவை. போர்க்களத்துக்கு மட்டும் சிவப்பு மேலாடை, வெள்ளைச் சிலுவை. டெம்ப்ளர்கள் வெள்ளை உடுப்பில் சிவப்புச் சிலுவை போட்டவர்கள். படத்தில் பார்க்கும்போது குழப்பிக்கொள்ளாமல் இருக்க இந்த ஒன்று போதும்.

1187 ஜூலை 4, ஹத்தீன் போரில் சலாஹுதீன் ஜெருசலேம் அரசின் படையை ஒரே நாளில் அழித்தார். சாதாரணக் கைதிகளை அடிமைச் சந்தைக்கு அனுப்பினார். அரசரை மரியாதையாக வைத்துக்கொண்டார். ஆனால் டெம்ப்ளர், ஹாஸ்பிடலர் கைதிகளைத் தலைக்கு 50 தினார் கொடுத்துத் தன் வீரர்களிடமிருந்து வாங்கி, இருநூறுக்கும் மேற்பட்டவர்களை வெட்டச் சொன்னார். இவர்கள் திரும்பவும் சண்டைக்கு வருவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதே சலாஹுதீன் அக்டோபரில் ஜெருசலேமை வாங்கியபோது, ஆஸ்பத்திரியில் கிடந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பத்து ஹாஸ்பிடலர்களை ஒரு வருடம் தங்க அனுமதித்தார். வாளைப் பிடித்தவனுக்கு ஒரு தீர்ப்பு, பாத்திரத்தைப் பிடித்தவனுக்கு இன்னொரு தீர்ப்பு.

அதற்குப் பிறகு நூறு வருடம் தேய்ந்துகொண்டே போனது. 1271இல் கிராக் கோட்டை எகிப்தின் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் கையில் விழுந்தது. 1291 மே மாதம் கடைசித் தலைநகர் ஆக்ரும் விழுந்தது. சபைத் தலைவர் ஜான் டி வில்லியே முதுகில் ஈட்டிக் காயத்தோடு கப்பலுக்குத் தூக்கிச் செல்லப்பட்டுச் சைப்ரஸ் போய்ச் சேர்ந்தார்.

நிலமிழந்த சபைகள் என்ன செய்தன?

புனித நாடு போய்விட்டது. இனி எதற்கு இந்தச் சபைகள் என்று ஐரோப்பாவில் கேட்க ஆரம்பித்தார்கள். மூன்று பெரிய சபைகளும் மூன்று வழி போயின.

டெம்ப்ளர்கள் பாரிஸில் பணம் வைத்துக்கொண்டு, கடன் கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். கடன்பட்ட பிரெஞ்சு அரசர் நான்காம் பிலிப்பு, 1307 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை விடியலில் நாடு முழுவதும் அவர்களைக் கைது செய்தார். மதத்துரோகம், சிலுவைமேல் துப்பினார்கள் என்று குற்றச்சாட்டு, சித்திரவதையில் ஒப்புதல். 1312இல் திருத்தந்தை சபையைக் கலைத்தார். 1314இல் கடைசித் தலைவர் ஜாக் டி மோலேயை எரித்தார்கள். இதில் ஹாஸ்பிடலர்களுக்கு ஒரு லாபம்: டெம்ப்ளர்களின் சொத்து அவர்களுக்கு என்று திருத்தந்தை எழுதிவிட்டார். அரசர்களின் பிடியிலிருந்து அதைப் பிடுங்கத்தான் வருடக்கணக்கானது.

டியூட்டானிக் சபை 1190இல் ஆக்ர் முற்றுகையின்போது ஜெர்மன் வணிகர்கள் போட்ட ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் பிறந்தது. அவர்கள் பால்டிக் கரைக்குப் போய்ப் பிரஷ்யாவில் தனி அரசே அமைத்தார்கள். 1410இல் கிரன்வால்டில் போலந்து, லித்துவேனியப் படைகளிடம் தோற்றார்கள். 1525இல் தலைவர் ஆல்பர்ட் லூத்தரன் என்ற புரொட்டஸ்டண்ட் பிரிவுக்கு மாறி, சபை நிலத்தைத் தன் சொந்தக் கோமகன் நாடாக மாற்றிக்கொண்டார்.

ஹாஸ்பிடலர்கள் ஒரு தீவைப் பிடித்தார்கள். கிழக்கு ரோமப் பேரரசான பிசாந்தியத்தின் கிறிஸ்தவர்கள் வாழ்ந்த ரோட்ஸ் தீவு. 1306இல் ஜெனோவாக்காரக் கடலோடி ஒருவனோடு பங்கு பேசிக்கொண்டு இறங்கி, 1310க்குள் முழுவதையும் வசமாக்கினார்கள். கிறிஸ்தவர்களைக் காக்கப் பிறந்த சபை கிறிஸ்தவர்களின் தீவைப் பறித்தது என்பதை அவர்களுடைய பெருமை பேசுகிறவர்கள் வேகமாகத் தாண்டிப் போவார்கள்.

குதிரைவீரர்கள் கப்பல்காரர்களானது ரோட்ஸில்தான். சபையைப் பிறந்த மண் வாரியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் 'லாங்' என்று பெயர். பிரெஞ்சில் நாக்கு, மொழி இரண்டுக்கும் அதே சொல். ப்ரொவான்ஸ், ஓவெர்ன்யு, பிரான்ஸ், இத்தாலி, அரகோன், இங்கிலாந்து, ஜெர்மனி என்று ஏழு. 1462இல் கஸ்தீல் பிரிந்து எட்டானது. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு விடுதி, மதிலில் காக்க ஒரு பகுதி, நிர்வாகத்தில் ஒரு பதவி. இத்தாலிக்காரர் கடற்படைத் தளபதி, ஓவெர்ன்யுக்காரர் தரைப்படைத் தளபதி, பிரான்ஸ்காரர் ஆஸ்பத்திரிப் பொறுப்பு, அரகோன்காரர் துணிமணிப் பொறுப்பு. சிலுவையின் எட்டு முனை இந்த எட்டு மொழியைக் குறிக்கிறது என்று பிற்காலத்தில் விளக்கம் சொன்னார்கள். அந்த விடுதிகள் வரிசையாக நிற்கும் தெரு, ரோட்ஸ் பழைய நகரத்தில் இன்றும் அப்படியே இருக்கிறது. 1489இல் கட்டி முடித்த அவர்களுடைய ஆஸ்பத்திரிதான் இப்போது தொல்பொருள் அருங்காட்சியகம்.

1480இல் ஒட்டோமான் துருக்கியரின் படையைத் தடுத்து நிறுத்தினார்கள். 1522இல் சுல்தான் சுலைமான் தானே வந்தார். ஆறு மாத முற்றுகை. டிசம்பரில் சரணடைந்தார்கள். ஆயுதங்களோடும் பொருள்களோடும் போகலாம் என்று சுல்தான் பெருந்தன்மை காட்டினார். 1523 புத்தாண்டு நாளில் கப்பலேறினார்கள். ஏழு வருடம் வீடில்லாமல் அலைந்த பிறகு, பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1530இல் மால்டாவைக் கொடுத்தார். வாடகை வருடத்துக்கு ஒரு வல்லூறு. கூடவே வட ஆப்பிரிக்காவின் திரிப்போலியையும் தலையில் கட்டினார். அதை 1551இல் இழந்தார்கள்.

வெள்ளித் தட்டும் துடுப்புச் சங்கிலியும்

1565 மே மாதம் சுலைமானின் படை மால்டாவுக்கும் வந்தது. எதிரே சுமார் 500 நைட்டுகள். மால்டா ஜனங்களையும் மற்ற வீரர்களையும் சேர்த்தாலும் பத்தாயிரத்துக்குள்தான். சபைத் தலைவர் ஜான் டி லா வலெட்டுக்கு எழுபதை ஒட்டிய வயது. முன்பு ஒரு முறை பிடிபட்டு ஒரு வருடம் எதிரியின் கப்பலில் துடுப்பு வலித்த அடிமை. எதிர்த்தரப்பின் பெரிய தளபதி துர்குத்தும் ஜெனோவாக்காரர்களிடம் பிடிபட்டுத் துடுப்பு வலித்தவர்தான். அந்தக் கடலில் இன்றைக்குத் தளபதி, நாளைக்கு அடிமை.

துறைமுக வாயிலில் இருந்த சின்னக் கோட்டை செயின்ட் எல்மோ ஒரு மாதம் தாங்கியது. துர்குத் அங்கேதான் படுகாயமடைந்து இறந்தார். ஜூன் 23இல் கோட்டை விழுந்ததும், இறந்த நைட்டுகளின் தலையற்ற உடல்களைச் சிலுவைக் கட்டைகளில் அறைந்து எதிர்க்கரைக்கு மிதக்கவிட்டார்கள். லா வலெட் தன்னிடமிருந்த துருக்கியக் கைதிகளின் தலைகளை வெட்டிப் பீரங்கியில் வைத்துச் சுட்டார். 'நம் எஜமானர்களான நோயாளிகள்' என்று எழுதிவைத்த அதே சபையின் தலைவர். செப்டம்பரில் சிசிலியிலிருந்து உதவிப்படை வந்தது, முற்றுகை கலைந்தது. அடுத்த வருடம் அவர் அடிக்கல் நாட்டிய நகரம்தான் இன்றைய மால்டாவின் தலைநகர் வலெட்டா.

அங்கே 1574இல் புதிய ஆஸ்பத்திரி கட்ட ஆரம்பித்தார்கள். அதன் பெரிய வார்டின் நீளம் 150 மீட்டருக்கு மேல். நோயாளிகளுக்கு வெள்ளித் தட்டில் சாப்பாடு. பகட்டுக்கு மட்டும் இல்லை, கழுவச் சுத்தமாக இருக்கும் என்பதும் காரணம். ஐரோப்பியப் பிரபு வம்சத்தில் பிறந்த நைட்டுகள் கிழமை வாரியாக முறை வைத்து வந்து பரிமாற வேண்டும். சேர்வதற்கே தாத்தா பாட்டி வரை உயர்குடிப் பிறப்பை நிரூபிக்க வேண்டும். ஜெர்மன்காரர்களிடம் பதினாறு முன்னோர்களுக்குக் கணக்குக் கேட்டார்கள். அப்பேர்ப்பட்டவர்கள் தட்டேந்தி நின்றார்கள். 1676இல் இங்கே உடற்கூற்றியல், அறுவைசிகிச்சைப் பள்ளியும் தொடங்கியது.

அதே துறைமுகத்தில் இன்னொரு காட்சி. சபையின் கப்பல்களில் சங்கிலி பூட்டித் துடுப்பு வலித்தவர்களில் பெரும்பகுதி முஸ்லிம் அடிமைகள். ஒட்டோமான் கப்பல்களையும் கரையோர ஊர்களையும் தாக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். வலெட்டா மத்தியதரைக் கடலின் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்று. எதிர்க்கரையில் அல்ஜீர்ஸும் துனிஸும் கிறிஸ்தவர்களுக்கு இதையே செய்தன என்பது உண்மைதான். அதனால் இது குறைந்துவிடாது. சபையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வார்டைப் பற்றிப் பத்துப் பக்கமும் துடுப்பைப் பற்றி ஒரு பத்தியும் எழுதும்போது எனக்கு எரிச்சல் வரும்.

இடையில் ஒரு சுவாரசியம். ரோமில் கொலை செய்துவிட்டு ஓடிவந்த ஓவியர் கரவாஜியோ 1608இல் இங்கே நைட் ஆக்கப்பட்டார். திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படும் காட்சியைச் சபையின் கோவிலுக்கு வரைந்து கொடுத்தார். சில மாதத்திலேயே அடிதடி வழக்கில் சிக்கிச் சிறையிலிருந்து தப்ப, அந்த ஓவியம் தொங்கும் மண்டபத்திலேயே கூடி அவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள். ஓவியம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் பயம் போய்விட்டது. சபை பிரபுக்களின் இரண்டாவது, மூன்றாவது மகன்களுக்கு ஒரு கௌரவ வேலையாகச் சுருங்கியது. பிரெஞ்சுப் புரட்சி 1792இல் பிரான்ஸிலிருந்த சொத்தையெல்லாம் பறித்தது. 1798 ஜூனில் எகிப்துக்குப் போகும் வழியில் நெப்போலியன் வந்து, கப்பல்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்றார். ஒரு நேரத்தில் நான்கு கப்பல்தான் உள்ளே வரலாம் என்றார்கள். அதையே சாக்காக வைத்துக்கொண்டு இறங்கினார். சுலைமானை நான்கு மாதம் தடுத்த தீவு இரண்டு மூன்று நாளில் சரணடைந்தது. நைட்டுகளில் நிறையப் பேர் பிரெஞ்சுக்காரர்கள். கிறிஸ்தவர்களோடு சண்டையிடக் கூடாது என்ற விதியும் இருந்தது. மால்டா மக்களுக்கோ இந்த எஜமானர்கள் அலுத்துப் போயிருந்தார்கள். நெப்போலியன் அடிமைகளை விடுவித்தார். ஆஸ்பத்திரியின் வெள்ளியை உருக்கினார்.

இப்போது யார் வைத்திருக்கிறார்கள்?

தீவை இழந்த சபை கலையவில்லை. 1834இல் ரோமில் குடியேறியது. மால்டா சபை என்பதே பெயர். கையில் நாடில்லை, ஆனால் சர்வதேசச் சட்டத்தில் தனி இறையாண்மை உள்ள அமைப்பாகப் பல நாடுகள் ஏற்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளோடு தூதரக உறவு, 1994 முதல் ஐ.நா.வில் பார்வையாளர் இடம், சொந்தத் தபால்தலை, சொந்தப் பாஸ்போர்ட். உறுப்பினர்கள் 13,000க்கும் மேல். அவர்களில் மூன்று வார்த்தைப்பாடும் கொடுத்த நைட்டுகள் சில பத்துப் பேர்தான். வாள் சடங்குக்கு மட்டும். வேலை முழுக்க மருத்துவம், அகதி முகாம், பேரிடர் நிவாரணம்.

என் தம்பியின் சான்றிதழ் இந்த ரோம் சபை கொடுத்தது அல்ல. இங்கிலாந்துக் கிளையை எட்டாம் ஹென்றி 1540இல் கலைத்துவிட்டார். 19ஆம் நூற்றாண்டில் அதே பெயரில் புரொட்டஸ்டண்ட் பிரிட்டனில் ஒரு புது அமைப்பு எழுந்தது. 1877இல் தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் அடிபடுகிறவர்களுக்காக முதலுதவி கற்றுக்கொடுக்கச் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸைத் தொடங்கியது. 1888இல் விக்டோரியா மகாராணி அந்தச் சபைக்குச் சாசனம் கொடுத்தார். ஆங்கிலேயர் ஆட்சியோடு அது இந்தியாவுக்கும் வந்தது. சின்னத்தை மட்டும் பழைய வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

ஜெருசலேமில் பழைய ஆஸ்பத்திரி இருந்த இடத்துக்கு இன்றும் முரிஸ்தான் என்று பெயர். பாரசீகத்தில் ஆஸ்பத்திரியைக் குறிக்கும் பீமாரிஸ்தான் என்ற சொல்லிலிருந்து வந்தது. இப்போது அங்கே கடைத்தெரு. தோல் பையும் நினைவுப் பொருளும் விற்கிறார்கள். அங்கிருந்து தெற்கே பத்து கிலோமீட்டருக்குள் பெத்லகேம். அங்கே மால்டா சபை 1990 முதல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி நடத்துகிறது. வருகிற தாய்மார்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தனித் தீவிரச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது; ஒவ்வொன்றுக்கும் தனித் தொட்டில்.